பழைய வண்டி வாங்கி ஏமாந்தால் என்ன செய்வது?



கடைக்கு ஒரு வண்டி வேண்டும் என்பது இன்று ஆடம்பரம் அல்ல. மொத்தக் கடையில் இருந்து அரிசி மூட்டை, எண்ணெய் டின், சர்க்கரை எல்லாம் வாடகை வண்டியில் ஏற்றி வந்தால் மளிகையில் கிடைக்கிற லாபம் வாடகைக்கே போய்விடுகிறது. புது வண்டி விலை எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஆகவே பழைய வண்டி. தருமபுரியிலும், கிருஷ்ணகிரி, ஓசூர், சேலம் பக்கமும் பழைய வண்டி வியாபாரம் பெரிதாக நடக்கிறது. நாணயமாகச் செய்கிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போல வியாபாரிகள்தான். இந்தக் கட்டுரை அவர்களுக்கு எதிரானது அல்ல. சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்று ஆகும்போது பாதிக்கப்பட்டவர் எந்தப் படியில் ஏற வேண்டும் என்பதை விளக்குவதற்காக எழுதப்படுகிறது.

அரூர் வட்டத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நமது உறுப்பினர் ஒருவர், பக்கத்து மாவட்டத்து டீலரிடம் ஒரு மாருதி ஈகோ வண்டி வாங்கினார். விலை 3,10,000 ரூபாய். "அண்ணா, ஒரே கை ஓட்டின வண்டி, அடிபடாதது, 46,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, நம்பி எடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். இதையே வாட்ஸ்அப்பிலும் படத்தோடு அனுப்பியிருக்கிறார்கள். உறுப்பினர் 1,00,000 ரூபாயை வங்கி மூலமும் 2,10,000 ரூபாயை ரொக்கமாகவும் கொடுத்தார். ரொக்கத்தில் 2,00,000 மனைவியின் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்து வாங்கியது. ரசீது மட்டும் 1,80,000 ரூபாய்க்குத்தான் கொடுக்கப்பட்டது. "வரிக்காகத்தான் அண்ணா" என்று காரணம் சொன்னார்களாம். அவரும் தலையாட்டிவிட்டார்.

இருபது நாள் கழித்து, சேலத்தில் இருந்து சரக்கோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது வண்டி கொதித்து நின்றது. மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, முன்பக்கம் பெரிய அடி வாங்கி வெல்டிங் வைத்து நிமிர்த்திய வண்டி என்றார். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பதிவெண்ணைக் கொடுத்துக் கேட்டபோது, இரண்டு வருடத்துக்கு முன்பே 1,12,000 கிலோமீட்டரில் சர்வீஸ் செய்த ஜாப் கார்டு கிடைத்தது. மீட்டர் திருப்பப்பட்டிருக்கிறது.

கோபத்தில் வண்டியைக் கொண்டுபோய் டீலர் வாசலில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சங்கத்துக்கு வந்தார். வேண்டாம் என்று தடுத்தோம். ஆர்.சி. அவர் பெயருக்கு மாறியாகிவிட்டது. அந்த வண்டியை யாராவது எடுத்து ஓட்டி ஒரு ஆளை மோதினால் நஷ்ட ஈடு கேட்டு நோட்டீஸ் இவருக்குத்தான் வரும். இது மிரட்டல் அல்ல. வண்டி பல கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியவை

ரிப்பேர் செய்வதற்கு முன் சாட்சியம் சேர்க்க வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். வண்டி நின்றால் வியாபாரம் நிற்கிறதே என்று அவசரமாக இன்ஜினைப் பிரித்து 40,000, 50,000 செலவு செய்துவிட்டு, பிறகு அந்த பில்லோடு டீலரிடம் போனால் "நான் கொடுத்தபோது நன்றாக இருந்தது, உங்கள் மெக்கானிக்தான் கெடுத்தார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். வண்டியை அப்படியே நிறுத்தி, மீட்டர், சேஸிஸ் எண், வெல்டிங் தெரியும் இடம் எல்லாம் படம் எடுத்து, முடிந்தால் கம்பெனி சர்வீஸ் நிலையத்திலோ, இன்சூரன்ஸ் சர்வேயர் அனுபவம் உள்ளவரிடமோ எழுத்துமூலம் அறிக்கை வாங்க வேண்டும். பழைய ஜாப் கார்டு நகல் கிடைத்தால் அதுவே தங்கம்.

குறை தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 1930ம் வருட சரக்கு விற்பனைச் சட்டப்படி, நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று தெரிவிக்காமல் சரக்கை வைத்துக்கொண்டவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படுவார். அதன்பின் சரக்கைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நஷ்ட ஈடு மட்டும் கேட்கலாம். பருப்பு மூட்டையில் வண்டு இருந்தால் அன்றே போன் செய்கிறோம் அல்லவா, அதே விதிதான் இங்கும்.

வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு, விளம்பரப் படம் எதையும் அழிக்கக் கூடாது. அந்தப் போனையே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மின்னணு சாட்சியத்துக்குச் சான்று இணைக்கும் முறை 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ம் பிரிவில் உள்ளது. வக்கீல் அதைப் பார்த்துக்கொள்வார். நமது உறுப்பினர் வழக்கில் கடைசிவரை கைகொடுத்தது "46,000 கி.மீ., ஆக்ஸிடென்ட் இல்லை" என்ற அந்த ஒரு செய்திதான். வாயால் சொன்னதாக மட்டும் இருந்திருந்தால் கதை வேறு.

ரசீதில் குறைத்து எழுதிய விவகாரம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மில் பலர் செய்வது இது. கொடுத்தது 3,10,000, ரசீது 1,80,000. தகராறு வந்ததும் டீலர், "நான் வாங்கியதே 1,80,000 தான், அந்த விலைக்கு இந்த வண்டி சரிதானே" என்றார். குறைந்த விலை ரசீது டீலரின் வரியைக் காப்பாற்றியது மட்டும் அல்ல. குறையுள்ள வண்டி என்று தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்கினார் என்று வாதாடவும் அதுவே ஆதாரமாகிவிட்டது!

நல்லவேளையாக, அன்று காலை நகைக்கடன் 2,00,000 வழங்கிய வங்கிச் சீட்டு இருந்தது. வங்கி மூலம் போன 1,00,000க்குக் கணக்கு இருந்தது. ரொக்கத்தைப் பெற்றுக்கொண்டதாக டீலரின் ஆள் "அமௌண்ட் ஓகே அண்ணா" என்று அனுப்பிய செய்தியும் இருந்தது. இவை மூன்றும் சேர்ந்துதான் உண்மை விலையைக் காட்டின. மேலும் வருமான வரிச் சட்டப்படி, 2017 ஏப்ரல் முதல் ஒரே வியாபாரத்தில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்குத் தடை இருக்கிறது. வாங்கியவர் மீது அதே அளவு தொகை அபராதம் விதிக்க இடம் உண்டு. ஆகவே ரொக்கம் வாங்கியதை டீலர் ஒப்புக்கொள்ளவே தயங்குவார். முழுத் தொகையும் வங்கி வழியாகப் போயிருந்தால் நமது உறுப்பினர் இவ்வளவு அலைந்திருக்க வேண்டியதில்லை.

வியாபாரி நுகர்வோர் ஆவாரா?

இதுதான் நம்மவர்களுக்கு மிக முக்கியமான கேள்வி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்றாலே நம் கடைமீது வாடிக்கையாளர் போடும் வழக்கு என்று நினைத்துப் பழகிவிட்டோம். அதே சட்டம் நமக்கும் உதவும், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

1986ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ளது. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது அதன் விதி. ஆனால் தன் பிழைப்புக்காக, சுயதொழிலாக, தானே பயன்படுத்த வாங்கியவரை அது விலக்கவில்லை.

இந்த வரியின் பொருளைத் தீர்த்து வைத்தது நம் மாநிலத்துக் கோவையில் உள்ள பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் சம்பந்தப்பட்ட வழக்கு. மகாராஷ்டிரத்தின் லட்சுமி இன்ஜினியரிங் என்ற நிறுவனம் அந்தத் தொழிற்கூடத்திடம் 21 லட்சம் ரூபாய்க்கு ஒரு கடைசல் இயந்திரம் வாங்கியது. தாமதமாக வந்தது, குறை இருந்தது என்று வழக்குப் போட்டது. மாநில ஆணையம் நஷ்ட ஈடு கொடுத்தது. தேசிய ஆணையம், இது வணிக நோக்கம், நீ நுகர்வோரே அல்ல என்று தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றம் 1995 ஏப்ரலில் தேசிய ஆணையத்தின் முடிவையே உறுதி செய்தது. நிறுவனம் தோற்றாலும், சிறு வியாபாரிகளுக்கு அந்தத் தீர்ப்பில் வெளிச்சம் இருந்தது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர். தானே ஓட்ட லாரி வாங்கியவரும் நுகர்வோர். உதவிக்கு ஒன்றிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்று நீதிபதிகள் உதாரணம் காட்டி எழுதினார்கள்.

ஆகவே கணவனும் மனைவியும் நடத்தும் மளிகைக் கடைக்கு, தானே ஓட்டிச் சரக்கு எடுத்துவர வாங்கிய வண்டி என்றால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நான்கு வேன், நான்கு டிரைவர் வைத்து ஊர் ஊராகச் சப்ளை செய்யும் மொத்த வியாபாரி அணுகினால் பெரும்பாலும் தள்ளுபடி ஆகும். அவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கே என்று, சீட்டு நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் மனுவிலேயே, "என் குடும்பப் பிழைப்புக்காக, சுயதொழிலாக நடத்தும் கடைக்கு, நானே ஓட்டுவதற்காக வாங்கியது" என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியம் இல்லாமல் போன மனுக்கள் வீணாகப் போயிருக்கின்றன.

யார்மீது வழக்கு?

பெரிய கம்பெனியின் பெயர்ப் பலகை மாட்டிய கடையில் வாங்கினால் கம்பெனியே பொறுப்பு என்று நினைக்கிறோம். அது எப்போதும் சரியல்ல. கோவாவில் ஒருவர் 2011ம் வருட மாடல் என்று பணம் கட்டிப் புது கார் வாங்கினார். வந்தது 2009ல் தயாரித்த கார். 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது, அடிப்பக்கம் துருப்பிடித்திருந்தது, கீறல்களும் இருந்தன. மாவட்ட மன்றம், மாநில ஆணையம், தேசிய ஆணையம் மூன்றும் டீலரோடு சேர்த்து டாடா மோட்டார்ஸையும் பொறுப்பாக்கின. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 18 அன்று கம்பெனியை விடுவித்தது. டீலர் கம்பெனியிடம் வண்டியை விலைக்கு வாங்கி விற்கிறார். அவர் சொன்ன பொய் கம்பெனிக்குத் தெரியும் என்று மனுவில் சொல்லி நிரூபித்தால் ஒழிய கம்பெனியைப் பிடிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். எனவே ரசீதில் யார் பெயர், யார் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது, பணம் யார் கணக்குக்குப் போனது என்று பார்த்து அவர்மீதுதான் போட வேண்டும். புரோக்கர் மூலம் தனிநபரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் கடினம்.

"உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்று டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அது பொய் சொல்லக் கொடுத்த லைசென்ஸ் அல்ல. தெரிந்தே பொய் சொல்லி விற்றால் 1872ம் வருட ஒப்பந்தச் சட்டப்படி அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் டீலர் வாயைத் திறக்காமல் மறைத்தது மட்டும்தான் என்றால், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்குமே என்று எதிர்வாதம் செய்ய அதே சட்டம் இடம் தருகிறது. ஆகவே வாங்கும்முன் கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாததைப் பொய் என்று நிரூபிப்பது பெரும்பாடு.

படிகள்

முதல் படி கடிதம். வாங்கிய தேதி, கொடுத்த தொகை, சொன்ன வாக்குறுதி, கண்ட குறை, இணைத்த ஆதாரம், கேட்கும் பரிகாரம், 15 நாள் கெடு, இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். வசை வேண்டாம். பரிகாரத்தில் ஒரே தொகை எழுதுங்கள். கண்டபடி மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதினால் எதிரில் இருப்பவர் கடிதத்தையே மதிக்கமாட்டார். முன்பெல்லாம் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புவோம். 2025ல் அஞ்சல் துறை அதை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டதால், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, பட்டுவாடா ஆன விவரத்தை எடுத்து வைக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லும் புகார் பதியலாம். அது உத்தரவு போடாது, ஆனால் சில இடங்களில் பேச்சு தொடங்க உதவும்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பழைய சட்டத்தில் டீலர் ஊருக்குப் போய் வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும், தொழில் செய்யும் மாவட்டத்திலேயே போடலாம். சேலத்திலோ ஓசூரிலோ வாங்கியிருந்தாலும் தருமபுரியில் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. குறை ஏற்பட்ட நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்ற இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்பு 30 நாளில், அதிகபட்சம் இன்னும் 15 நாள் சேர்த்து, பதில் தர வேண்டும். அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று 2020ல் அரசியல் சாசன அமர்வு முடிவு செய்தது. மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகவே ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் லோக் அதாலத்தில் வழக்குப் போடாமலே மனு கொடுத்துச் சமரசம் பேசலாம். நுகர்வோர் தகுதி இல்லாத மொத்த வியாபாரிக்கு இது நல்ல வழி. அங்கே ஆகும் சமரசத்துக்குக் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது.

போலீஸ் புகார்? மீட்டரைத் திருப்பி விற்றது ஏமாற்று வேலைதான். பாரதிய நியாய சம்ஹிதையின் 318ம் பிரிவு அதற்கு இருக்கிறது. ஆனால் பணத்தைத் திரும்ப வாங்கும் கருவியாகப் போலீஸை நினைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாற்றம் அடைகிறார்கள். திருட்டு வண்டி, போலி ஆர்.சி., மாற்றிய சேஸிஸ் எண் என்றால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் போலீஸுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் வைத்திருந்தவர்மேலேயே சந்தேகம் வரும்.

ஒரு எச்சரிக்கை. பாக்கித் தொகைக்கு டீலருக்கோ பைனான்ஸுக்கோ செக் கொடுத்திருந்தால், கோபத்தில் செக்கை நிறுத்தாதீர்கள். வண்டி வழக்கில் நீங்கள் வாதி. செக் வழக்கில் நீங்களே எதிரி ஆகிவிடுவீர்கள்.

நம் மாவட்டத்துக்கு என்று சில கவனங்கள்

எல்லை அருகே என்பதால் கர்நாடகப் பதிவு வண்டிகள் விலை குறைவாக வருகின்றன. அந்த மாநில ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்று இல்லாமல் வாங்கக் கூடாது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்ட வேண்டும். விலையில் மிச்சம் பிடித்தது வரியில் போகும். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் முடிந்த சான்றும் படிவம் 35ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்கக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்கள் பதிவு அதிகாரியிடம் ஐந்து வருட அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். இன்சூரன்ஸையும் உடனே பெயர் மாற்றுங்கள். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தானாக மாறும். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு மாறாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எப்படி முடிந்தது

நமது உறுப்பினரின் கடிதம் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் டீலர் போன் செய்தார். வேறு வண்டி தருகிறேன், 40,000 சேர்த்துக் கொடுங்கள் என்றார். மறுத்தோம். நுகர்வோர் ஆணைய மனுவைத் தயார் செய்து, நகலை அனுப்பி வைத்த பிறகுதான் நேரில் வந்தார். அந்த ஊர்ச் சங்கத்து நிர்வாகி ஒருவரும் கூட வந்தார். மூன்று மணி நேரம் பேச்சு. தானும் ஏலத்தில் எடுத்ததாகவும், மீட்டர் திருப்பியது தனக்கே தெரியாது என்றும் டீலர் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 46,000 என்று எழுதி அனுப்பியது அவர்தானே என்று கேட்டதும் பேச்சு வழிக்கு வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு 2,85,000 திருப்பித் தருவது, ஓட்டிய நாட்களுக்காக 25,000 கழித்துக்கொள்வது என்று முடிந்தது. முழுத் தொகையும் கேட்டு வழக்கு நடத்தியிருக்கலாம் என்று சில உறுப்பினர்கள் குறைபட்டார்கள். மாதா மாதம் நகைக்கடன் வட்டி கட்டிக்கொண்டிருப்பவருக்கு இரண்டு வருடம் கழித்து வரும் 25,000 பெரிதல்ல என்பது என் எண்ணம்.

ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி, தொகையை வங்கி மூலம் வாங்கினோம். பணம் கணக்கில் ஏறிய பிறகே சாவி கைமாறியது. அந்த டீலரிடம் அங்கீகாரச் சான்று இல்லாததால், படிவம் 29, 30ல் அவர் பெயருக்கே மாற்றும் விண்ணப்பத்தை அன்றே போட வைத்தோம். பரிவாகன் தளத்தில் தன் பெயர் மறைந்து அவர் பெயர் வரும்வரை நமது உறுப்பினர் தினமும் காலையில் கடை திறந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தார். இருபத்தாறாம் நாள் பெயர் மாறியது. அன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு நகையை மீட்கப் போனார்.